ஃபஸ் சோதனை: செய்நிரல்களின் வழுக்களை எழுமாற்று உள்ளீட்டால் அறிதல் — ஓர் அறிமுகம்

தோற்றுவாய்

கணனிச் செய்நிரல் ஒன்றை எழுதுபவர், அதற்குள் எத்தகைய தரவுகள் வந்து சேரும் என்பது பற்றிச் சில எடுகோள்களை வைத்துக்கொண்டே எழுதுகிறார். பெயரைக் கேட்டால் பெயரே வரும். ஆண்டைக் கேட்டால் நான்கு இலக்கங்களே வரும். கோப்பு ஒன்று தொடங்கினால் அது முறைப்படி முடிவுறும். இவ்வெடுகோள்களுட் பெரும்பாலானவை எங்கும் எழுதிவைக்கப்படுவதில்லை. எழுதியவரே அவற்றை உணர்ந்திருப்பதும் அரிது. செய்நிரலைச் சோதிப்பவரும் அவரே ஆகும்போது, தாம் எதிர்பார்த்த உள்ளீடுகளையே கொடுத்து, தாம் எதிர்பார்த்த விடைகளையே பெற்று மனநிறைவு அடைகின்றார். ஓர் ஆசிரியர் தாமே வினாவையும் எழுதித் தாமே விடையையும் எழுதித் தமக்கே நூறு புள்ளிகள் வழங்கிக்கொள்வதை ஒத்தது இது.

இந்நிலையை மாற்றுதற்கு எழுந்த முறைகளுள் ஒன்றே ஃபஸ் சோதனை எனப்படுவது. செய்நிரலுக்கு எழுமாறாகத் தோற்றுவிக்கப்பட்ட, ஒழுங்கற்ற, பெருந்தொகையான உள்ளீடுகளை இயந்திரத்தின் மூலமே வழங்கி, அது எங்கு நிலைகுலைகின்றது என்பதை அவதானித்தலே இம்முறையின் சாரம். இதன் வரலாற்றையும் அடிப்படைகளையும், பல்கலைக்கழக மட்டத்தில் இதனைத் தொடங்குதற்குரிய வழிகளையும் இக்கட்டுரையில் நோக்குவோம். கணனியியலைத் தமது துறையாகக் கொள்ளாத வாசகரையும் மனத்திற்கொண்டே எழுதுகின்றோம். தமிழ் ஆவணங்கள் கணனியின் வழியாகவே அடுத்த தலைமுறையைச் சென்றடையவிருக்கும் இக்காலத்தில், இப்பொருள் கணனித் துறையினருக்கு மாத்திரம் உரியதாக இருக்கமுடியாது.

இலங்கைத் தமிழ்க் கலைச்சொல் வழக்கிலே செய்நிரற் குறைபாட்டை 'வழு' என்கிறோம். இச்சொல் இலக்கணத்திலிருந்து வந்தது. சொல்லிலக்கண மரபு வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றைப் பகுத்துக் காண்கின்றது. நல்ல செய்நிரலுக்கும் இம்மூன்றையும் எதிர்கொள்ளும் ஆற்றல் வேண்டும். வழாநிலை உள்ளீட்டுக்குச் சரியான விடையும், வழுவுள்ள உள்ளீட்டுக்கு ஒழுங்கான மறுப்பும், அமைத்துக்கொள்ளத்தக்க வழுவுக்கு அமைதியும் அது தரவேண்டும். ஃபஸ் சோதனை முதன்மையாக இரண்டாவதனையே பரிசோதிக்கின்றது.

வரலாற்றுப் பின்னணி

1988ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மடிசன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், மழையும் இடியுமாக இருந்த ஓர் இரவில் தொலைபேசி இணைப்பின் வழியாகப் பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் கணனியிற் பணிபுரிந்துகொண்டிருந்தார். வானிலையால் இணைப்பில் இரைச்சல் ஏற்பட்டது. அவர் தட்டச்சிட்ட கட்டளைகளுக்கிடையே பொருளற்ற எழுத்துக்கள் புகுந்தன. எழுத்துக்கள் குழம்பியதில் அவருக்கு வியப்பில்லை. நாடோறும் பலர் பயன்படுத்திவந்த செய்நிரல்கள் அவ்வெழுத்துக்களைப் பெற்றவுடன் நிலைகுலைந்து நின்றமையே அவரைச் சிந்திக்கவைத்தது.

இவ்வனுபவத்தை அவர் தமது பட்டப்பின் வகுப்பு மாணவருக்கு ஒரு செயற்றிட்டமாக வழங்கினார். எழுமாற்று எழுத்துக்களைத் தோற்றுவிக்கும் செய்நிரல் ஒன்றை எழுதி, யுனிக்ஸ் பயன்பாட்டுச் செய்நிரல்களுக்கு அவற்றை ஊட்டிப் பார்க்கவேண்டும் என்பதே பணி. ஒழுங்கற்ற தரவின் இயல்பைச் சுட்டும் ஒரு சொல்லாகவே 'ஃபஸ்' என்னும் பெயரை அவர் தெரிந்தெடுத்தார். மில்லர், லார்ஸ் பிரெட்றிக்சன், பிறையன் சோ ஆகிய மூவரும் 1990 டிசெம்பரில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, யுனிக்ஸின் பல்வேறு பதிப்புகளில் 25 முதல் 33 சதவீதமான பயன்பாட்டுச் செய்நிரல்கள் இவ்வெளிய சோதனையின் முன் நிலைகுலைந்தன அல்லது உறைந்து நின்றன என்பதைப் புலப்படுத்தியது.

இம்முடிவு அக்காலக் கொள்கைக்கு மாறானது. செய்நிரற் சோதனை பற்றி 1979இல் வெளிவந்து பாடநூலாகப் பயின்ற நூலொன்றில், கிளென்ஃபோர்ட் மையர்ஸ் எழுமாற்று உள்ளீட்டுச் சோதனையைச் சோதனை முறைகளுள் மிகத் தாழ்ந்ததாகவே கணித்திருந்தார். சிந்தித்து அமைக்கப்பட்ட சோதனையே சிறந்தது என்னும் கருத்து தருக்கரீதியாகச் சரியாகவே தோன்றும். ஆயினும் சிந்தித்து அமைப்பவரும் செய்நிரலை எழுதியவரும் ஒரே எடுகோள்களைப் பகிர்ந்துகொள்வர் என்பதை அக்கருத்துக் கணக்கிலெடுக்கவில்லை. எழுமாற்றுத் தரவுக்கு எடுகோள்கள் இல்லை. அதன் வலிமை அதுவே.

அதே இலையுதிர் காலத்திலே, 1988 நவம்பர் 2ஆம் திகதி, இணையத்தின் முதற் பெரும் புழுவெனக் குறிக்கப்படும் மொறிஸ் புழு பரவியது. அது பயன்படுத்திய வழிகளுள் ஒன்று, 512 பைற்றுகள் மாத்திரமே கொள்ளத்தக்க இடத்தினுள் அதனிலும் நீண்ட உள்ளீட்டை ஏற்றுக்கொண்ட ஒரு செய்நிரலின் வழுவாகும். உள்ளீட்டின் நீளத்தைச் சரிபாராமை என்னும் இக்குறைபாடு, மில்லர் குழுவினர் கண்ட வழுக்களிலும் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. செய்நிரல் நிலைகுலையும் இடமும் அந்நியர் உட்புகும் இடமும் பல வேளைகளில் ஒன்றே என்பது அப்போது தெளிவாயிற்று.

சோதனையின் மூன்று உறுப்புகள்

எத்துணைச் சிக்கலான ஃபஸ் கருவியும் மூன்று உறுப்புகளைக் கொண்டது. உள்ளீடுகளைத் தோற்றுவிக்கும் உறுப்பு ஒன்று. அவற்றைச் செய்நிரலுக்கு வழங்கி அதனை இயக்கும் உறுப்பு மற்றொன்று. நிகழ்ந்தது வழுவா அன்றா எனத் தீர்ப்பளிக்கும் உறுப்பு மூன்றாவது. தொடங்குவோர் முதலாவதிலேயே கவனம் முழுவதையும் செலுத்துவர். சோதனையின் பயனைப் பெரிதும் நிர்ணயிப்பது மூன்றாவதே ஆகும்.

உள்ளீடுகளை மூவகையாகத் தோற்றுவிக்கலாம். முற்றிலும் எழுமாறான பைற்றுகளை உருவாக்குதல் முதல்வகை. முறையான உள்ளீடுகள் சிலவற்றை வித்துக்களாகக் கொண்டு, அவற்றில் ஒரு பிற்றை மாற்றியும், ஒரு பகுதியை வெட்டியும், இரு வித்துக்களை ஒட்டியும், எண்கள் வரும் இடங்களில் 0, 255, 65535 போன்ற எல்லைப் பெறுமானங்களை இட்டும் திரிபுகளை உண்டாக்குதல் இரண்டாம் வகை. உள்ளீட்டின் இலக்கண விதிகளை முன்னரே வகுத்து, அவ்விதிகளுக்கமையப் புதிய உள்ளீடுகளைப் பிறப்பித்தல் மூன்றாம் வகை. தொடங்குவோர்க்கு இரண்டாம் வகையே ஏற்றது. அதற்குச் சில மாதிரிக் கோப்புகள் இருந்தாற் போதும்.

தீர்ப்பைப் பொறுத்தவரை, செய்நிரல் நிலைகுலைதலும் குறித்த நேரத்துள் முடிவுறாது உறைந்து நிற்றலும் எவரும் ஐயமின்றி ஏற்கும் வழுக்கள். ஆனாற் பல வழுக்கள் வெளியே தெரிவதில்லை. 2014 ஏப்ரலிற் பகிரங்கமாக்கப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் வழுவை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓபின் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருள், எதிர்த்தரப்பு அனுப்பிய சிறு செய்தியைத் திருப்பி அனுப்பும்போது, அச்செய்தியின் நீளமென எதிர்த்தரப்பே கூறிய எண்ணைச் சரிபாராது நம்பியது. அதன் விளைவாக, ஒரு தடவையில் 64 கிலோபைற்று வரையான நினைவக உள்ளடக்கம், கடவுச்சொற்களும் இரகசியத் திறவுகளும் உட்பட, அந்நியர் கைக்குச் செல்லக்கூடியதாயிற்று. இதில் எச்செய்நிரலும் நிலைகுலையவில்லை.

இத்தகைய மறைவான வழுக்களை வெளிப்படுத்துதற்கு நினைவகக் கண்காணிப்பிகள் உதவுகின்றன. கூகிள் நிறுவனத்தவர் 2012இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்ட 'அட்றெஸ் சனிரைசர்' அவற்றுள் முதன்மையானது. செய்நிரலைத் தொகுக்கும்போது தொகுப்பிக்கு ஒரு தெரிவைக் கொடுத்தால், ஒதுக்கப்பட்ட இடத்துக்கு அப்பால் ஒரு பைற்றை வாசித்தாலும் எழுதினாலும் செய்நிரல் அவ்விடத்திலேயே நிறுத்தப்பட்டு, வழு நிகழ்ந்த வரியும் அறிவிக்கப்படும். ஹார்ட்பிளீட் வெளிவந்து ஓராண்டின் பின், இக்கண்காணிப்பியையும் ஒரு ஃபஸ் கருவியையும் இணைத்துப் பயன்படுத்தினால் அவ்வழுவைச் சில மணித்தியாலங்களிற் கண்டிருக்கலாம் என்பது செய்துகாட்டப்பட்டது. கருவி இருந்தது, பயன்படுத்துதற்கு ஆளும் நேரமும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: பாமினியிலிருந்து யுனிகோடுக்கு

கொள்கையை நமக்கு அண்மையிலுள்ள ஒரு பொருளில் வைத்து நோக்குவோம். யுனிகோட் பரவலாவதற்கு முன்னர், இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பெருந்தொகையான நூல்களும் சஞ்சிகைகளும் பாமினி எழுத்துருவிலே தட்டச்சிடப்பட்டன. பாமினியில் ஆங்கில எழுத்துக்களுக்குரிய குறியெண்களின் மீதே தமிழ் வடிவங்கள் ஏற்றப்பட்டுள்ளன. எனவே அக்கோப்புகளைத் தேடவும் பேணவும் வேண்டுமாயின் அவற்றை யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். இதற்குரிய மாற்றியைச் சி மொழியில் எழுதுவதாகக் கொள்வோம். மாணவர் ஒருவர் ஓரிரு நாட்களிலே எழுதிவிடத்தக்க சிறு செய்நிரலே இது. ஆயினும் இதனுள் மூவகை வழுக்கள் எளிதிற் புகக்கூடும்.

முதலாவது, கொம்பு பற்றியது. பாமினியில் எழுத்துக்கள் கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கிலேயே வரும். ஒற்றைக்கொம்பு முதலிலும் மெய் அதன் பின்னரும் வரும். யுனிகோடில் மெய் முதலிலும் கொம்பு பின்னரும் வரும். ஆகவே மாற்றி, கொம்பைக் கண்டவுடன் அடுத்துள்ள குறியெண்ணை எட்டிப் பார்க்கவேண்டும். 'கொ' போன்றவற்றுக்காக அதற்கும் அடுத்து அரவு உண்டா எனவும் பார்க்கவேண்டும். கோப்பு கொம்போடு முடிந்தால் என்னாகும்? முறையான தமிழ்க் கோப்பு ஒருபோதும் அவ்வாறு முடிவதில்லை. ஆதலால் எழுதியவர் அதனை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். செய்நிரல் கோப்பின் எல்லையைக் கடந்து நினைவகத்தை வாசிக்கும். வித்தொன்றை எழுமாறாக வெட்டும் ஃபஸ் கருவி, வெட்டு ஒரு கொம்பின் பின் விழும் கணத்திலேயே இவ்வழுவைக் கண்டுவிடும்.

இரண்டாவது, இடம் பற்றியது. யு.ரி.எப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் யுனிகோட் குறியும் 3 பைற்றுகளை எடுக்கும். பாமினியில் ஒரு குறியெண் ஒரு பைற். சராசரியைக் கருதி, உள்ளீட்டின் 4 மடங்கு இடத்தை எழுதியவர் ஒதுக்குகின்றார் எனக் கொள்வோம். சாதாரண கட்டுரைகளுக்கு அது பெரும்பாலும் போதுமாயிருக்கும். ஆனாற் பாமினியில் 'கு' என்பது ஒரே வடிவம். யுனிகோடில் அது இரு குறிகள், அதாவது 6 பைற்றுகள். 'ஸ்ரீ' என்பதும் பாமினியில் ஒரே வடிவம்; யுனிகோடில் அது நான்கு குறிகள், 12 பைற்றுகள். நூறு 'ஸ்ரீ' அடங்கிய உள்ளீட்டுக்கு 400 பைற்றுகள் ஒதுக்கப்பட்டிருக்க, 1200 பைற்றுகள் எழுதப்படும். நூறு 'ஸ்ரீ' தொடர்ந்து வரும் தமிழ் உரைநடை இல்லை என வாதிடலாம். மொறிஸ் புழு அனுப்பிய உள்ளீட்டைப் போன்ற ஒன்றையும் எவரும் முறையான பயன்பாட்டில் அனுப்புவதில்லை என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

மூன்றாவதே ஆழமானது. 'ஔ'காரக் குறியின் வலப்பகுதியும் 'ள' என்னும் எழுத்தும் பாமினியில் ஒரே குறியெண்ணைக் கொண்டவை. எனவே கொம்பு, வகரம், ளகரம் என வரும் தொடர் 'வௌ' என்பதாகவும் இருக்கலாம்; 'வெள' என்பதாகவும் இருக்கலாம். இதனை ஆராயாது எழுதப்பட்ட மாற்றிகள் 'வெளியீடு' என்பதை 'வௌியீடு' எனவும் 'தெளிவு' என்பதைத் 'தௌிவு' எனவும் மாற்றிவிடுகின்றன. இணையத்தில் இலங்கைத் தமிழ்ப் பக்கங்களை வாசிப்போர் இவ்வடிவங்களை அடிக்கடி கண்டிருப்பர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். கணனிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். 'வெளியீடு' எனத் தேடும் ஆய்வாளருக்கு அப்பக்கம் கிடைக்காது. இங்கே நிலைகுலைவு இல்லை. நினைவக மீறலும் இல்லை. செய்நிரல் வெற்றியோடு முடிவுற்றதாகவே அறிவிக்கும். ஆவணம் மாத்திரம் மௌனமாகச் சிதைந்திருக்கும்.

இத்தகைய வழுவுக்கு நாமே ஒரு தீர்ப்பு விதியை வகுக்கவேண்டும். இரண்டு விதிகளைக் கூறலாம். ஒன்று, வருவிளைவில் ஒரே மெய்யின்மீது இரு உயிர்க்குறிகளோ, உயிர்க்குறியும் புள்ளியுமோ அடுத்தடுத்து வருதல் கூடாது. 'வௌி' இவ்விதியை மீறுகின்றது. மற்றையது சென்று மீளும் விதி. யுனிகோட் தமிழ்ச் சொற்களை எழுமாறாகத் தோற்றுவித்து, அவற்றைப் பாமினிக்கு மாற்றி, மீண்டும் யுனிகோடுக்கு மாற்றினால் தொடங்கிய சொல்லே கிடைக்கவேண்டும். இங்கு ஒரு கவனம் தேவை. யுனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் அரவுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் சமமானவை என யுனிகோட் நியமமே வரையறுக்கின்றது. ஆதலால் ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும். இவ்விரு விதிகளையும் செய்நிரலில் எழுதி, மீறப்படுமிடத்து வேண்டுமென்றே நிலைகுலையச் செய்தால், ஃபஸ் கருவி அதனையும் வழுவாகவே கொள்ளும். அதாவது, தமிழ் எழுத்திலக்கணம் இங்கே சோதனையின் நீதிபதியாகின்றது.

கிளைகளை வழிகாட்டியாகக் கொள்ளல்

முற்றிலும் எழுமாறான முறைக்கு ஒரு பெரும் வரம்பு உண்டு. பல செய்நிரல்கள் கோப்பின் முதல் நான்கு பைற்றுகள் ஒரு குறித்த அடையாளமாக இல்லாவிடின் உடனே மறுத்துவிடும். எழுமாறாக அவ்வடையாளம் அமைவதற்கான நிகழ்தகவு 4,294,967,296இல் ஒன்று. செக்கனுக்கு 1,000 உள்ளீடுகளைச் சோதித்தாலும் அவ்வெண்ணிக்கையை முடிக்க ஏறக்குறைய 50 நாட்கள் செல்லும். வாயிலிலேயே காலம் கழிந்துவிடும்.

இதனைத் தீர்த்த எண்ணம் எளிமையானது. செய்நிரலைத் தொகுக்கும்போதே அதன் ஒவ்வொரு கிளையிலும் ஓர் அடையாளத்தைப் பதித்துவிடுதல் வேண்டும். உள்ளீடொன்று முன்னர் எவ்வுள்ளீடும் செல்லாத கிளையொன்றுக்குள் நுழைந்தால், அதனைப் புதிய வித்தாகச் சேர்த்துக்கொண்டு அதிலிருந்து மேலும் திரிபுகளை உண்டாக்கவேண்டும். மேற்கூறிய அடையாளத்தைச் செய்நிரல் ஒவ்வொரு பைற்றாக ஒப்பிடுமாயின், முதற் பைற் சரியானதும் புதிய கிளை திறக்கும், அவ்வெற்றி பேணப்படும், பின்னர் இரண்டாவது பைற் தேடப்படும். நான்கையும் ஒருங்கே ஊகிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொன்றிலும் 256 பெறுமானங்களைத் தேடினாற் போதும். மொத்தம் 1,024 என்னும் அளவினதான தேடலாக அது சுருங்கிவிடுகின்றது. மாறுதல், தெரிவு, நிலைபெறுதல் என்னும் உயிரியற் கூர்ப்பின் ஒழுங்கை இங்கே காண்கின்றோம்.

2013இல் மிகாவ் சலெவ்ஸ்கி வெளியிட்ட ஏ.எப்.எல். என்னும் கருவி இம்முறையைப் பலரும் கையாளத்தக்கதாக்கியது. 2014இல் அவர் ஒரு செயல்விளக்கம் செய்தார். 'ஹலோ' என்னும் ஆங்கிலச் சொல் மாத்திரம் அடங்கிய ஒரு கோப்பை வித்தாகக் கொடுத்து, ஜேபெக் படங்களை வாசிக்கும் ஒரு செய்நிரலின்மீது கருவியை இயங்கவிட்டார். படமென்றால் என்ன என்பது பற்றி ஏதும் அறியாத அக்கருவி, ஓரிரு நாட்களுள் அச்செய்நிரல் ஏற்றுக்கொள்ளும் முறையான படக் கோப்புகளைத் தானே தோற்றுவித்தது. ஏ.எப்.எல். கருவியின் வழிவந்த ஏ.எப்.எல். பிளஸ் பிளஸ் என்பதே இன்று தொடங்குவோர்க்கு ஏற்ற கட்டற்ற கருவியாகும். சி மொழிக்கு அப்பால், பைதன், ஜாவா, றஸ்ற் முதலிய மொழிகளுக்கும் இத்தகைய கருவிகள் உள்ளன.

தொடங்கும் முறை

இனி, நடைமுறையில் எவ்வாறு தொடங்குவது என்பதைப் படிமுறையாக நோக்குவோம்.

(1) இலக்கைத் தெரிதல். வெளியிலிருந்து தரவைப் பெற்று அதன் அமைப்பைப் பகுத்தறியும் செய்நிரலே ஏற்ற இலக்கு. கோப்பு வாசிப்பிகள், எழுத்து மாற்றிகள், தேடற்பொறிகள் என்பன அத்தகையன. முதன்முதலில் தாமே எழுதிய செய்நிரலையே இலக்காகக் கொள்ளல் நன்று.

(2) இணைப்புச் சார்பை எழுதுதல். கருவி தரும் பைற்றுத் தொகுதியையும் அதன் நீளத்தையும் பெற்று, இலக்கான பகுதிக்கு நேரே வழங்கும் ஒரு சிறு சார்பு இது. இருபது வரிகளுக்குள் அமையும். திரை, வலையமைப்பு, தரவுத்தளம் முதலியவற்றை இதனுட் கொணர்தல் கூடாது. செக்கனுக்கு எத்தனை உள்ளீடுகள் என்பதிலேயே இம்முறையின் பலன் தங்கியுள்ளது. அன்றியும் ஒரே உள்ளீடு எப்பொழுதும் ஒரே விளைவைத் தருதல் வேண்டும்.

(3) கண்காணிப்பியுடன் தொகுத்தல். கிளை அடையாளங்களும் நினைவகக் கண்காணிப்பியும் சேர்ந்தவாறு செய்நிரலைத் தொகுக்கவேண்டும். இதனால் இயக்கம் மந்தமாகும். ஆயினும் கண்காணிப்பியின்றி ஓட்டும் சோதனை, கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதற்கு ஒப்பாகும்.

(4) வித்துக்களைச் சேர்த்தல். சிறியனவும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டனவுமான பத்து, இருபது கோப்புகள் போதும். நமது எடுத்துக்காட்டில், ஒரு பந்தி உரைநடை, ஓர் எண் அட்டவணை, கிரந்த எழுத்துக்கள் மிக்க ஒரு பெயர்ப்பட்டியல், ஆங்கிலம் கலந்த ஒரு வரி என்பன போன்றவற்றைச் சேர்க்கலாம். ஒரே நூலின் நூறு அத்தியாயங்களைச் சேர்த்தலாற் பயனில்லை.

(5) இயக்கிவிட்டு அவதானித்தல். முதல் நிமிடங்களிலேயே வழுக்கள் வெளிப்படுதல் வழமை. பின்னர் வேகம் குறையும். புதிய கிளைகள் நெடுநேரம் திறக்கப்படாவிடின் வித்துக்களையோ இணைப்புச் சார்பையோ மீளாய்வு செய்தல் வேண்டும். குறைந்தது ஓர் இரவாயினும் இயங்கவிடல் நன்று.

(6) சுருக்கலும் வகைப்படுத்தலும். கருவி நூறு நிலைகுலைவுகளைத் தந்தாலும் அவை இரண்டு மூன்று வழுக்களின் வெளிப்பாடுகளாகவே இருத்தல் கூடும். ஒவ்வோர் உள்ளீட்டையும், வழு நீங்காத வரையில், இயன்ற அளவு சிறிதாக்கவேண்டும். இரண்டாயிரம் பைற்றுக் கோப்பு ஒற்றைக் கொம்பாகச் சுருங்கும்போது வழுவின் காரணமும் கண்முன் நிற்கும்.

(7) திருத்தலும் பேணலும். வழுவைத் திருத்திய பின் அதனை வெளிப்படுத்திய உள்ளீட்டை எறிந்துவிடல் ஆகாது. செய்நிரல் மாற்றப்படுந்தோறும் அவ்வுள்ளீட்டை மீளச் சோதித்தல் வேண்டும். திருத்திய வழு மீண்டும் தோன்றுதல் அரிதான நிகழ்வன்று.

இவற்றோடு ஒழுக்கம் சார்ந்த ஒரு நியதியையும் கூறுதல் வேண்டும். தமது செய்நிரலையும் கட்டற்ற மென்பொருட்களின் பிரதிகளையும் தமது கணனியில் வைத்துச் சோதித்தல் முறையானது. பிறர் நடத்தும் சேவைகளின்மீது, அவர்தம் அனுமதியின்றி இம்முறையைப் பிரயோகித்தல் சோதனை ஆகாது, அது தாக்குதலாகும். பிறரது மென்பொருளிற் கண்ட வழுவை முதலில் அதனைப் பேணுவோர்க்கே அறிவித்து, திருத்துதற்குக் கால அவகாசம் வழங்குதல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மரபாகும்.

வரம்புகள்

சோதனை, வழு உண்டென்பதைக் காட்டவல்லது, இல்லையென்பதை நிறுவவல்லதன்று. டைக்ஸ்ட்றா நெடுங்காலத்துக்கு முன்னரே வலியுறுத்திய இக்கருத்து ஃபஸ் சோதனைக்கும் பொருந்தும். ஒரு வாரம் இயங்கியும் வழு எதுவும் வெளிப்படவில்லை என்றால், அந்த வித்துக்களோடும் அந்தத் தீர்ப்பு விதிகளோடும் அக்காலத்துள் வெளிப்படவில்லை என்பதே பொருள். விதியாக வகுக்கப்படாத தவறு எவ்வளவு பெரிதாயினும் கருவிக்கு அது தவறன்று. சம்பளப் பட்டியலில் ஒருவரது சம்பளத்தை மற்றொருவருக்குச் சேர்க்கும் செய்நிரல், நிலைகுலையாதவரையில், அதன் கண்ணுக்கு நல்ல செய்நிரலே. எனவே மனிதச் சிந்தனையின் பணி குறைவதில்லை. அது உள்ளீட்டைக் கற்பனை செய்வதிலிருந்து, எது சரி என்பதை வரையறை செய்வதற்கு இடம்பெயர்கின்றது. 'வெள', 'வௌ' ஆகியவற்றுள் எதனைக் கொள்வது என்பதை எல்லா இடங்களிலும் எழுத்து விதியே தீர்த்துவைப்பதில்லை. சில இடங்களிற் சொல்லறிவு வேண்டும். அங்கே கணனியியலாளர் தமிழறிஞரின் துணையை நாடியே ஆகவேண்டும்.

சமூக நோக்கு

இறுதியாக, இவ்வரலாறு எழுப்பும் ஒரு வினாவை நோக்குவோம். மில்லர் குழுவினர் 1990இல் தமது கருவியையும் முடிவுகளையும் எவரும் பெறத்தக்கவாறு பகிரங்கமாக வெளியிட்டனர். 1995இல் அவர்கள் சோதனையை மீண்டும் செய்தபோது, முன்னர் அறிவிக்கப்பட்ட வழுக்களுட் பல திருத்தப்படாமலே இருந்தன. வர்த்தக நிறுவனங்கள் விற்பனை செய்த யுனிக்ஸ் பதிப்புகளில் 15 முதல் 43 சதவீதமான பயன்பாட்டுச் செய்நிரல்கள் நிலைகுலைந்தன. தன்னார்வலர்களின் உழைப்பில் உருவாகி விலையின்றி வழங்கப்பட்ட லினக்ஸ், ஞூ செய்நிரல்களிலோ அவ்வளவு 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. மூலநிரல் பலர் கண்களுக்குத் திறந்திருத்தலும், வழுவைக் கண்டவரே அதனைத் திருத்த இயலுதலும் இவ்வேறுபாட்டுக்குக் காரணங்களாகலாம். வழுவைப் பற்றிய அறிவு மாத்திரம் வழுவை நீக்குவதில்லை. திருத்தும் உழைப்பு எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டுள்ளது என்பதும் அதனை நிர்ணயிக்கின்றது.

அதேவேளை, திறந்த மூலநிரல் என்பது தன்னளவிற் போதுமானதன்று என்பதை ஹார்ட்பிளீட் உணர்த்திற்று. உலகின் பெருநிறுவனங்கள் பல தங்கியிருந்த ஓபின் எஸ்.எஸ்.எல். மென்பொருளை அக்காலத்திற் பேணிவந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. எல்லோரும் பயன் கொண்டனர்; பேணும் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை. அதன் பின்னர், 2016இல் கூகிள் தொடங்கிய ஓ.எஸ்.எஸ். ஃபஸ் என்னும் திட்டம் முக்கியமான கட்டற்ற மென்பொருட்களை இடையறாது சோதித்து வருகின்றது. 2023 ஓகஸ்ற் வரையில் 1,000 செயற்றிட்டங்களில் 36,000க்கு மேற்பட்ட வழுக்கள் இதன்மூலம் கண்டு திருத்தப்பட்டன. தமிழ் உட்படப் பல மொழிகளின் எழுத்துக்களைத் திரையில் உருவமைக்கும் ஹார்ஃப்பஸ் என்னும் மென்பொருளும் அவ்வாறு சோதிக்கப்படுவனவற்றுள் ஒன்று.

ஆயினும் நமது எழுத்துக்கள் பெருநிறுவனங்களின் சோதனைப் பட்டியல்களில் முதலிடம் பெறுவன அல்ல. 2018 பெப்ரவரியில், தெலுங்கு எழுத்துத்தொடர் ஒன்றைச் செய்தியாகப் பெற்ற அளவிலேயே அப்பிள் கைபேசிச் செயலிகள் நிலைகுலைந்தன. அந்நிறுவனம் பின்னர் திருத்தப் பதிப்பை வெளியிட்டது. கோடிக்கணக்கானோர் நாடோறும் எழுதும் ஒரு மொழியின் எழுத்து, அக்கருவியைப் பொறுத்தவரை எதிர்பாராத உள்ளீடாக இருந்தது. எவருடைய எழுத்து எதிர்பார்க்கப்பட்ட உள்ளீடு, எவருடையது எதிர்பாராதது என்னும் வினா, தொழினுட்ப வினா மாத்திரம் அன்று.

பாமினி மாற்றி போன்ற சிறு செய்நிரல்களை எந்நிறுவனமும் நமக்காகச் சோதிக்கப்போவதில்லை. அவற்றின் வழியாகவே ஈழத்துச் சஞ்சிகைகளும் நூல்களும் எண்ணிம வடிவம் பெறுகின்றன. ஒரு மாற்றியின் வழு, அதனூடாகச் சென்ற பல்லாயிரம் பக்கங்களின் வழுவாகிவிடும். மூலக் கோப்பு அழிந்த பின் அதனைக் கண்டறிதலும் இயலாது போகும். இதனைத் தடுத்தற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சாதாரண கணனி ஒன்றும், கட்டற்ற கருவி ஒன்றும், ஓர் இரவும், எழுத்திலக்கணம் அறிந்த ஒருவரும் கணனியியல் மாணவர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்தலும் போதும். நமது பல்கலைக்கழகங்களிலே தமிழ்த்துறையும் கணனித்துறையும் இத்தகைய ஒரு சிறு பணியிலேனும் இணையுமாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.